ஜெபத்தில் வைத்திருக்கிறேன்

அப்பா இறந்த பிறகு நிலத்தின் பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. மூத்தவள் என்பதால் காகிதங்கள் என் கைக்கு வந்தன. மூலப்பத்திரம், இறப்புச் சான்றிதழ், தீர்வை ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு பீரோவின் மேல் வைத்தேன். தம்பி லீவுக்கு வரும்போதெல்லாம் கேட்பான். "அக்கா, அந்தப் பட்டா விஷயம் என்னாச்சு?" நான், "ஜெபத்துல வச்சிருக்கேன்டா" என்பேன். அதற்குமேல் அவன் கேட்க மாட்டான். எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் எதையும் கேட்பதில்லை. பை ஆறு வருடம் பீரோவின் மேலேயே இருந்தது.

நான் சொன்னது பொய்யில்லை. தினமும் ஜெபித்தேன். நிலக் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் கேட்டேன். பட்டா மாற்ற வேண்டுமானால் பெரியப்பா மகனிடம் கிணற்றுப் பங்கைப் பற்றிப் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சு சண்டையில் முடியும் என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தை மட்டும் ஆறு வருடத்தில் ஒருநாள்கூட ஜெபத்தில் சொன்னதில்லை.

தள்ளிப்போடும் பழக்கத்தை விசுவாசத்தால் வெல்லலாம் என்று பிரசங்கங்களில் கேட்கிறோம், புத்தகங்களில் படிக்கிறோம். நானும் அதை நம்புகிறேன். ஆனால் அதே விசுவாசம்தான் என் மஞ்சப்பைக்கு ஆறு வருடம் போர்வையாக இருந்தது. எந்த இடத்தில் அது மருந்து, எந்த இடத்தில் போர்வை என்று பிரித்துப் பார்க்காமல் இந்தப் பேச்சைத் தொடர்வதில் பயனில்லை.

முதலில், பிரசங்க மேடை இந்த நோய்க்கு வைத்திருக்கும் பெயரே எனக்குச் சரியாகப் படவில்லை. சோம்பல் என்கிறார்கள். உடனே நீதிமொழிகளின் எறும்பு வந்துவிடும். தள்ளிப்போடுகிறவர் எல்லாரும் சோம்பேறிகள் அல்ல. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை அன்றைக்குத்தான் அலமாரியை ஒழுங்குபடுத்தும். வேர்க்க விறுவிறுக்க வேலை செய்யும், செய்ய வேண்டிய ஒன்றைத் தவிர. வள்ளுவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. மடியின்மை அதிகாரத்தில் சோம்பலைத் தனியாகவும் காலம் கடத்துவதைத் தனியாகவும் எண்ணுகிறார். பின்னதற்கு அவர் சொன்ன பெயர் நெடுநீர்.

வேதத்துக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் நாம் கவனிக்காத செய்தி. நீதிமொழிகளின் சோம்பேறி வீட்டைவிட்டு இறங்காததற்கு என்ன காரணம் சொல்கிறான்? தெருவில் சிங்கம் நிற்கிறதாம். எறும்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். சிங்கத்தைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டதில்லை. தாலந்துகளின் உவமையிலும் அதேதான். ஒரே தாலந்தை மண்ணில் புதைத்தவனைச் சோம்பேறி என்று எஜமான் கடிகிறார். ஆனால் கணக்கு ஒப்புவிக்கும்போது அவன் வாயிலிருந்து வருவது வேறு: எஜமான் கடினமானவர் என்று நினைத்தேன், பயந்தேன், புதைத்தேன். சோம்பலுக்குக் கீழே பயம் இருக்கிறது. பயத்துக்குக் கீழே எஜமானைப் பற்றிய ஒரு தவறான படம் இருக்கிறது. ஃபூஷியா சிரோயிஸ், டிமோத்தி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013ல் எழுதிய கட்டுரையும் ஏறத்தாழ இங்கேதான் வந்து நிற்கிறது. ஒரு வேலை நமக்குள் கிளப்பும் கலக்கத்திலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கவே அதைத் தள்ளிப்போடுகிறோம் என்கிறார்கள். நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததைவிட, மனநிலையைத் தாங்க முடியாததே பெரிய காரணம்.

இப்படிப் பார்த்தால், பயத்தோடு பேசத் தெரிந்த இடத்தில்தான் விசுவாசம் மருந்தாகிறது. அப்படிப் பேசத் தெரிந்தவர்கள் எகிப்தின் பாலைவனத்தில் இருந்தார்கள். நான்காம் நூற்றாண்டில் கெல்லியாவில் வாழ்ந்து 399ல் இறந்த எவாகிரியஸ் என்ற துறவி, அகேதியா என்ற மனச்சோர்வை விவரித்திருக்கிறார். நடுப்பகலில் அது வருமாம். பகல் நீண்டுகொண்டே போகும். துறவி சன்னலைப் பார்ப்பார், வெயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளப்பார், யாராவது பார்க்க வருகிறார்களா என்று எட்டிப்பார்ப்பார், வேறு ஊருக்குப் போனால் இதைவிட நன்றாக ஜெபிக்கலாமே என்று யோசிப்பார். கைப்பேசி இல்லை என்பதைத் தவிர என் மத்தியானங்களுக்கும் அவருடைய மத்தியானங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்தப் பாலைவனத்திலிருந்தே ஒரு கதை வருகிறது. மனம் தளர்ந்து எதையும் தொடங்க முடியாமல் இருந்த சகோதரனுக்கு ஒரு மூப்பர் சொன்னது. ஒருவருக்கு முள் மண்டிப்போன நிலம் இருந்தது. மகனைச் சுத்தம் செய்ய அனுப்பினார். அவன் போய்ப் பார்த்தான். அத்தனை முள்ளையும் கண்டு மலைத்து அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டான். மறுநாளும் அப்படியே. அப்பா வந்து பார்த்தார், அடிக்கவில்லை. நீ படுத்துக்கிடந்த அகலம் அளவுக்கு ஒவ்வொரு நாளும் வெட்டியிருந்தால் போதுமே என்றார். மகன் அப்படியே செய்தான். கொஞ்ச நாளில் நிலம் சுத்தமாயிற்று.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்த அளவுகோல். ஏக்கரும் இல்லை, செண்டும் இல்லை. அவன் உடம்பின் அகலம். எந்த இடத்தில் தோற்றானோ அந்த இடத்தையே அப்பா அளவாக்கித் தருகிறார். அவர் தாலந்தைப் புதைத்தவன் மனதில் இருந்த கடின எஜமான் அல்ல. அவரைப் பற்றிய படம் மாறும்போது வேலையின் அளவும் சிறுத்துவிடுகிறது. விசுவாச வழியின் உண்மையான பலம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மன்னிப்புக்கும் இதே பலம் உண்டு. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 119 முதலாமாண்டு மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010ல் வெளிவந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் நாளைக் கடத்தியதற்காகத் தங்களையே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை என்று அது கண்டது. தன்னைத் தானே மன்னிப்பதும் கடவுளால் மன்னிக்கப்படுவதும் ஒன்றல்ல. இந்த ஆய்வை வேதத்துக்குச் சாட்சியாக நிறுத்த நான் துணியமாட்டேன். ஆனாலும் குற்ற உணர்வு குறைந்தால் மனிதன் இன்னும் சோம்பிப்போவான் என்ற நம் பயத்தை அது அசைத்துப் பார்க்கிறது.

1552ன் ஆங்கிலிகன் ஜெபப் புத்தகத்தில் சேர்க்கப்பட்ட பொதுப் பாவ அறிக்கையை நினைத்துக்கொள்கிறேன். செய்யாமல் விட்டதை முதலிலும் செய்த தவறை அதற்குப் பின்னும் சொல்லும்படி அது அமைந்திருக்கிறது. அந்த வரிசையை யோசித்து வைத்தவர்கள் மனிதரை நன்றாக அறிந்தவர்கள். குறை என்னவென்றால், சபை முழுவதும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். ஞாயிறுதோறும் செய்யாமல் விட்டவற்றை அறிக்கையிட்டேன். மஞ்சப்பை ஒருநாளும் நினைவுக்கு வரவில்லை.

இந்த இடத்தில் கத்தோலிக்கர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் 1548ல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற நூல். அதில் வரும் ஆன்ம சோதனை நன்றி சொல்வதில் தொடங்கி, அன்றைய பொழுதை மணி மணியாகத் திரும்பிப் பார்க்கச் சொல்கிறது. ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, தாளில் கோடு கிழித்து, விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வைத்து, நேற்றோடு இன்றை ஒப்பிடும் முறையும் உண்டு. வெறும் கணக்கு என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அந்தப் புள்ளிகளில் ஒரு நேர்மை தெரிகிறது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: மனம் நொந்தே இருப்பவர்கள் கையில் இந்தத் தாள் தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் பிரம்பாகிவிடும். நன்றியில் தொடங்க வேண்டும் என்ற விதி அதற்காகவே இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி குறைகள். மன்னிப்பு மலிந்துபோகலாம். மலிவான கிருபை என்று டீட்ரிச் போன்ஹோஃபர் 1937ல் எச்சரித்தது இதைத்தான். ஆனால் எங்கள் சபைகளில் அதைவிடப் பெரிய ஆபத்து சொற்களில் இருக்கிறது என்பேன். ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன், கர்த்தருடைய வேளை வரட்டும், இன்னும் சமாதானம் வரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ கண்ணீரோடு சொன்ன சொல். இன்று கல்யாணப் பேச்சிலிருந்து கடன் பாக்கி வரை எதையும் ஒத்திப்போட அவை உதவுகின்றன. கேள்வி கேட்பவரே விசுவாசக் குறைவுள்ளவர் ஆகிவிடுவதால் எதிர்த்துப் பேசவும் முடியாது. அப்போஸ்தலர் நடபடிகளில் பேலிக்ஸ் தேசாதிபதி, பவுல் பேசுவதைக் கேட்டு நடுங்கி, வசதிப்படும்போது கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிடுகிறான். இரண்டு வருடம் ஓடுகிறது. அவன் பதவி முடிகிறது. பவுல் இன்னும் காவலில் இருக்கிறார். ஒருவர் தள்ளிப்போட்டதற்கு இன்னொருவர் சிறையில் இருக்கிறார். என் தம்பியை நினைக்கும்போது அந்த அதிகாரத்தை என்னால் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியவில்லை.

காத்திருத்தலே தவறு என்று நான் சொல்லவில்லை. நெகேமியாவும் காத்திருந்தார். எருசலேமின் அலங்கம் இடிந்துகிடக்கும் செய்தியை அவர் கேட்டது கிஸ்லேயு மாதம். ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதம். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம் உபவாசமும் ஜெபமும். ஆனால் ராஜா உனக்கு என்ன வேண்டும் என்று கேட்ட அந்த நிமிடத்தில் நெகேமியாவிடம் எல்லாம் தயாராக இருக்கிறது. எத்தனை நாள் விடுப்பு, எந்த தேசாதிபதிகளுக்குக் கடிதம், மரம் எந்த வனக்காவலரிடம் வாங்க வேண்டும், அவர் பெயர் என்ன என்பதுவரை. அலங்கம் 52 நாளில் எழுந்தது. அந்த நான்கு மாத ஜெபத்துக்குள் திட்டமும் வளர்ந்திருக்கிறது. என் ஆறு வருட ஜெபத்துக்குள் தாலுகா ஆபீசில் எந்த மனு கொடுக்க வேண்டும் என்பதுகூட வளரவில்லை. ஜெபம் எது, சாக்கு எது என்று பிரித்தறிய எனக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்கவில்லை.

பயமுறுத்தித் தள்ளும் வழியும் உண்டு. ஜோனதன் எட்வர்ட்ஸ் நாளையை நம்பியிருப்பதன் மதியீனத்தைப் பற்றி ஒரு முழுப் பிரசங்கமே செய்திருக்கிறார். எங்கள் கன்வென்ஷன் கூட்டங்களிலும் கடைசி இரவில் அந்தக் குரல் கேட்கும். இன்றிரவே உயிர் போனால் என்ன செய்வாய்? மனந்திரும்புதலுக்கு அது உதவியிருக்கலாம். நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலைக்கு அது உதவாது. பயத்தால் புதைத்தவனை இன்னும் பயமுறுத்தினால் இன்னும் ஆழமாகத்தான் புதைப்பான். எட்வர்ட்ஸ் தன் இளவயதில் 1722, 1723 ஆண்டுகளில் எழுதிவைத்த 70 தீர்மானங்களை வாரம் ஒருமுறை எடுத்து வாசிக்க வேண்டும் என்றும் முடிவு செய்திருந்தார். அந்த வாராந்தர வாசிப்பை யாரும் பிரசங்கிப்பதில்லை.

இன்னொன்றை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. படுக்கையைவிட்டு எழ முடியாத, குளிக்க முடியாத, ஒரு போன் எடுக்க முடியாத பிள்ளையைச் சோம்பலின் ஆவி பிடித்திருக்கிறது என்று ஜெபித்து அனுப்புவது கொடுமை. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், கவனக்குறைவு நோயாக இருக்கலாம். இதே விசுவாசம்தான் வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைக் கட்டி, பாகாயத்தில் மனநலப் பிரிவையும் நடத்துகிறது. ஜெபித்து முடித்ததும் அங்கே கூட்டிக்கொண்டு போகலாம்.

டிசம்பர் 31 இரவுக்கு வருகிறேன். புதுவருட ஆராதனை, வாக்குத்தத்த வசனம், உடன்படிக்கை ஆராதனை. மெதடிஸ்ட் வழியில் வந்த இந்த உடன்படிக்கை ஆராதனையை ஜான் வெஸ்லி 1755ல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் நடத்தினார். எல்லாரும் எழுந்து நின்று ஒரே குரலில் தங்களை ஒப்புக்கொடுக்கும் அந்த நேரத்தில் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும். மார்ச் மாதம் வந்தால் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திராட்சத்தோட்டத்துக்குப் போகாத மகனைப் போலத்தான் நாங்கள்.

வெஸ்லியின் மக்களுக்கு வேறொன்றும் இருந்தது. 1742ல் பிரிஸ்டலில் ஜெபவீடு கட்டிய கடனை அடைக்க, ஏறக்குறைய பன்னிரண்டு பேரை ஒரு குழுவாகச் சேர்த்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்க ஒருவரை வைத்தார்கள். வீடு வீடாகப் போனவர், யார் எப்படி இருக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டார். கடன் வசூலில் தொடங்கிய அந்தக் குழுக்களே மெதடிஸ்ட் வாழ்க்கையின் முதுகெலும்பாயின. வருடத்துக்கு ஒருமுறை செய்த உடன்படிக்கையை வாரத்துக்கு ஒருமுறை கேட்கப்பட்ட கேள்வி தாங்கியது. நாம் வருடத்தை வைத்துக்கொண்டு வாரத்தை விட்டுவிட்டோம். வீட்டுக் கூட்டங்கள் உண்டு, ஜெப விண்ணப்பங்களும் உண்டு. போன வாரம் விண்ணப்பித்த காரியத்துக்கு நீ என்ன செய்தாய் என்று கேட்பவர் இல்லை.

எனக்கு ஒருவர் கிடைத்தார். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் வழக்கம்போல நிலக் காரியத்துக்காக ஜெபிக்கச் சொன்னேன். ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னைக்கும்மா பேசப்போற?"

ஆறு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. வியாழக்கிழமை என்று வாயில் வந்ததைச் சொன்னேன். வியாழன் இரவு எட்டு மணிக்கு அவர் போன் வந்தது. பேசவில்லை என்றேன். பயமாக இருக்கிறது என்றும் முதல் தடவையாகச் சொன்னேன். போனிலேயே ஜெபித்தார், நிலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, என் பயத்தைப் பற்றி மட்டும் ஆண்டவரிடம் சொன்னார். பிறகு, "இப்பப் பேசு. நான் ஒம்பது மணிக்குத் திரும்பக் கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டார்.

பெரியப்பா மகன் கோபப்பட்டார். பழைய கதைகள் வந்தன. நான் அழுதேன். ஆனாலும் பட்டாவுக்கு மனு கொடுத்தாயிற்று. தம்பியும் கையெழுத்துப் போட வந்திருந்தான். கிணற்றுப் பங்கு இன்னும் தீரவில்லை. வருகிற சனிக்கிழமை ஊருக்குப் போய் நேரில் பேச வேண்டும். டீச்சரம்மாவிடம் தேதியைச் சொல்லிவைத்திருக்கிறேன்.