படைத்தோன் மீட்ட பனுவல்

நூலொன்றை ஆக்கி உலகுக்கு அளித்த ஆசிரியர் ஒருவர், பின்னர் அதன் ஒரு பகுதியையோ முழுவதையுமோ தாமே திரும்பப் பெறுவாராயின், அச்செயலை எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும்? அஃது ஆசிரியரின் சொந்த விடயம் என்று கூறித் திறனாய்வாளர் பலர் இவ்வினாவைக் கடந்து விடுகின்றனர். ஆனால் நீக்கப்பட்டது யாது, நீக்கியதன் காரணம் யாது என்பன நூலின் இயல்பையே உணர்த்துங்கால், அவற்றை ஆராயாது விடுதல் திறனாய்வின் குறையேயாகும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' இதற்குத் தக்க சான்று.

2010-இல் வெளிவந்த அந்நாவல் நான்கு ஆண்டுகள் எதிர்ப்பின்றியே வழங்கிற்று. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி மூண்டது, நூற்படிகள் எரிக்கப்பட்டன, கடையடைப்பும் நிகழ்ந்தது. 2015 ஜனவரி 12-ஆம் நாள் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சில், மன்னிப்புக் கோரவும், மறுப்புக்குரிய பகுதிகளை நீக்கவும், விற்பனையாகாத படிகளைத் திரும்பப் பெறவும் ஆசிரியர் இசைந்தார். அதன்பின் அவர் வெளியிட்ட அறிக்கையோ எவரும் எதிர்பாராதது. எழுத்தாளன் இறந்துவிட்டான் என அறிவித்து, தாம் எழுதிய நூல்கள் அனைத்தையுமே அவர் மீட்டுக்கொண்டார்.

பகுதியை நீக்க இசைந்தவர் முழுவதையும் நீக்கியது ஏன்? விடை நாவலின் அமைப்பிலேயே உள்ளது.

காளி, பொன்னா என்னும் உழவர் இணையர் மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளாகியும் மகப்பேறு அற்றவர். ஊராரின் வசையும், உற்றாரின் இரக்கமும், கோயில்தோறும் செய்த நேர்த்திக்கடன்களும் அவர்களை வாட்டுகின்றன. திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் ஓரிரவில், பிள்ளையில்லாப் பெண் முன்பின் அறியாத ஆடவனோடு கூடிக் கருவுறலாம் என்னும் வழக்கு ஒன்று இருந்ததாக நாவல் கொண்டு, அவ்விரவை நோக்கிக் கதையை நகர்த்துகின்றது. கிளர்ச்சிக்குக் காரணமானது இப்பகுதியே. ஊர்ப்பெயரை எடுத்துவிட்டால் நாவலுக்கு என்ன குறை என்று அப்போது கேட்டவர் பலர். குறை உண்டு. மாதொருபாகன் என்பது திருச்செங்கோட்டு மலையில் ஆணும் பெண்ணும் ஓருடலாய் எழுந்தருளியுள்ள இறைவனின் பெயர். அவ்வுருவின் நிழலில் வாழும் இருவர், அவ்வூர்த் திருவிழாவினாலேயே பிளவுறுகின்றனர் என்பதே கதையின் துன்பியல். ஊரை நீக்கினால் தலைப்புப் பொருளற்றுப் போகும். இரவை நீக்கினால் கதையே இல்லை.

மட்டக்குளியிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து இந்நாவலைப் படிப்போர்க்குக் கொங்கு நாட்டு வழக்குச் சொற்கள் புதியனவாகத் தோன்றலாம். தொண்டுப்பட்டி என்றால் யாது என வினவ வேண்டியும் வரலாம். எனினும் பிள்ளை வரம் வேண்டிக் கோயில் மரத்தில் தொட்டில் கட்டும் பெண்ணை அறியாதார் இங்கு எவருமிலர். தன் ஊரின் மண்ணை இறுகப் பற்றியிருத்தலினாலேயே நாவல் பிற ஊரார்க்கும் உரியதாயிற்று. வசைகளும் நேர்த்திகளும் அடுக்கடுக்காய் வரும் இடங்கள் சற்றே சலிப்பூட்டுவது உண்மை. ஆயினும் காளி மாமனார் வீட்டு வாசலில் நட்ட பூவரசங்கிளை பன்னிரண்டு ஆண்டில் பெருமரமாகி நிற்க, அதே பன்னிரண்டு ஆண்டில் இல்லறம் காய்க்காது நிற்பதை எதிரெதிரே வைத்துக் காட்டும் தொடக்கம், தமிழ் நாவல்களில் அரிதாகக் காணப்படும் நுட்பமுடையது.

இனி அவ்வறிக்கையை நோக்குவோம். தாம் தொகுத்தனவும் பதிப்பித்தனவும் தவிர, தாம் எழுதிய நாவல், சிறுகதை, கட்டுரை, கவிதை ஆகிய யாவற்றையும் திரும்பப் பெறுவதாக அது கூறிற்று. இவ்விலக்கு கருதத்தக்கது. பிறர் ஆக்கத்தைத் தொகுத்தவர்க்கு அதை மீட்கும் உரிமை இல்லை. தம் ஆக்கத்தின்மீதே உரிமை உண்டு. பதிப்பாசிரியருமாகிய ஒருவர், நெருக்கடியின் நடுவிலும் இவ்வேறுபாட்டைப் பேணினார்.

இவ்வாறு முழுவதையும் மீட்கும் செயல் இலக்கியத்தில் மட்டுமன்றி இன்று வேறு துறைகளிலும் காணப்படுகின்றது. கணினி விளையாட்டுகளை விரும்புவோர், அவற்றிற்குப் புதிய காட்சிகளையும் மாந்தரையும் தாமே ஆக்கி இணைப்பது வழக்கம். இளைஞர் இவற்றை 'மோட்' என்பர். ஊதியம் பெரும்பாலும் இல்லை. இத்தகைய ஆக்கங்களின் பெரிய களஞ்சியமாகிய 'நெக்ஸஸ் மோட்ஸ்' 2021-இல் புதிய விதியொன்றை அறிவித்தது. பலருடைய ஆக்கங்களைத் தொகுத்து வழங்க வழிசெய்து, அத்தொகுப்புகள் சிதையாதிருத்தற்பொருட்டு, ஏற்றிய கோப்பை இனி ஆக்கியோர் அடியோடு அழித்தல் இயலாது என்றது. முன்னரே ஏற்றியவற்றை அழிக்க விரும்புவோர்க்கு ஒரு மாத அளவு தவணை தரப்பட்டது. சிலர் தம் பல்லாண்டு உழைப்பை முழுவதுமாக எடுத்துக்கொண்டு வெளியேறினர். பயன்பட்டோர் சினந்தனர், இலவசமாய்த் தந்ததை மீட்பது முறையோ என்றனர். ஆனால் பொருளைத் தந்தவர், அதன்மீது தமக்குள்ள சொல்லுரிமையையும் சேர்த்துத் தந்துவிடவில்லை. அவ்வுரிமை பறிபோகும் என்று தோன்றியபோதே பொருளும் மீட்கப்பட்டது. அங்கே உயிரச்சமோ ஊர்விலக்கோ இல்லை. நாமக்கல்லில் நிகழ்ந்ததோடு அதனை ஒரு தட்டில் வைத்தல் பொருந்தாது. எனினும் பிறர் விருப்பிற்கேற்பத் தம் ஆக்கம் கையாளப்படுவதினும், அஃது இல்லாதொழிதல் மேல் என்னும் உணர்வு இரண்டிற்கும் பொது.

ஆசிரியர் மறைத்து வைத்தலை எல்லாம் வன்முறையின் விளைவெனக் கொள்ளுதலும் தவறு. இராமலிங்க அடிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் ஆறு திருமுறைகளாக வகுத்தார். 1867-இல் முதல் நான்கே அச்சேறின. 1874-இல் அடிகள் மறைந்தபின், 1880-இல் ஐந்தாவதும் 1885-இல் ஆறாவதும் வெளிவந்தன. சாதியையும் சமயப் பிணக்கையும் வெளிப்படையாக மறுக்கும் பாடல்கள் ஆறாவதிலேயே மிகுதி. அப்பாடல்களுக்கு 'அருட்பா' என்னும் பெயர் பொருந்தாதென வாதிட்ட ஆறுமுக நாவலர் 1879-இல் மறைந்தார். ஆறாம் திருமுறை அச்சில் வருமுன்னரே அப்பெரும் வாதத்தின் தலையாய எதிர்க்கட்சியார் மறைந்துவிட்டார் என்பதை, அவ்வாதத்தை இன்றும் சுவையோடு எடுத்துரைப்போர் நினைப்பதில்லை. அன்பர் கண்டதும் எதிர்த்தோர் கண்டதும் அடிகளின் ஒரு பாதியையே. அச்சிடாது வைத்தமை அங்கே காலம் நோக்கிய காத்திருப்பு. நூலின் உறுப்பெதனையும் அது சிதைக்கவில்லை. வெளிவந்த நூலிலிருந்து பிறர் சுட்டிய பகுதியை அறுத்தெடுத்தலோ நூலாசிரியரின் திருத்தமன்று. அவர் கையைப் பிடித்துப் பிறர் எழுதிய எழுத்து அது. பாட வேறுபாடு ஆராய்வோர் இவ்விரண்டையும் ஒரே பெயரால் குறித்தல் ஆகாது.

2016 ஜூலை 5-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம், நாமக்கல் இசைவு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது எனத் தீர்ப்பளித்தது. நூல் மீண்டது. அத்தீர்ப்புக்குப்பின் 'மாதொருபாக'னைக் கருத்துரிமை வழக்கின் ஆவணமாகவே போற்றுவோர் மிகுந்தனர்; அவருட் பலர் பூவரச மரத்தைக் கண்டாரா என்பது ஐயமே. நாவல் முடியுமிடத்தில் காளியின் கதி கூறப்படவில்லை. அவன் இறந்தான் எனக் கொண்டு 'ஆலவாயன்' என்றும், வாழ்ந்தான் எனக் கொண்டு 'அர்த்தநாரி' என்றும் இரு நாவல்களைக் கிளர்ச்சி மூண்ட 2014-ஆம் ஆண்டிலேயே ஆசிரியர் வெளியிட்டிருந்தார். தம் கதையை மாற்ற விரும்பியபோது அவர் அதிலிருந்து ஒன்றையும் நீக்கவில்லை. பக்கத்தில் வேறிரண்டை நட்டார். மௌனம் கலைந்து 2016 ஆகஸ்டில் அவர் முதற்கண் வெளியிட்டது கவிதைத் தொகுதி. அதற்கு அவர் இட்ட பெயர் 'கோழையின் பாடல்கள்'.