குரலின் ஈரம்

பாட்டை ஆராய்வோர் நம்மிடையே பலர் உளர். சொல்லின் அழகை ஆராய்வர். பொருளின் ஆழத்தை அளப்பர். இராகம் பொருந்தியதா எனக் கேட்பர். ஆயின், அப்பாட்டைச் சுமந்து வரும் குரல் எவ்வாறு பயிற்றப்பட்டது, அப்பயிற்சி அக்குரலை வாழவைக்குமா வீழ்த்துமா என்று வினவுவோர் மிகச் சிலரே. பாடகரைப் போற்றுகிறோம்; பாடக் கற்பிக்கும் முறையைத் திறனாய்வு செய்வதில்லை. அம்முறையையே இங்கு நாம் எடை போட விழைகின்றோம்.

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுமிடத்தில், சாத்தூருக்கு அண்மையில் உள்ளது இருக்கன்குடி. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் விழாவுக்கு மக்கள் வெள்ளமெனத் திரளும் ஊர் அது. அவ்வூரைச் சுற்றிய வட்டாரத்தில் கோயில் விழாவாயினும் மீலாது விழாவாயினும் பாடுவோர்க்கு வைக்கப்பெறும் அளவுகோல் ஒன்றே: யார் மிக உயரத்தில் நின்று பாடினார்? கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க, ஒரு சிறுவன் உச்சத்தில் நின்றால் கரவொலி எழுகின்றது. மறுநாள் அவன் தொண்டை கம்மிப் பேச்சின்றி இருப்பதை எவரும் கேட்பதில்லை. 'நன்றாக உழைத்திருக்கின்றான்' என ஆசிரியரும் மகிழ்கின்றார். தொண்டைக் கம்மலை உழைப்பின் சான்றாகக் கொள்ளும் இவ்வெண்ணமே நம் பயிற்சி முறையின் முதற் பிழை.

நம் இசைப்பாடல் மேடைகளில் இப்பிழை வளர்ந்ததற்குக் காரணம் ஒரு மாபெருங் குரலைத் தவறாகப் புரிந்துகொண்டமையே. 1925இல் பிறந்து 2015இல் மறைந்த இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனிபா அவர்களின் வெண்கலக் குரலைக் கேட்டு வளராத தமிழ் முஸ்லிம் இல்லம் உண்டோ? அவரைப் பின்பற்றும் இளைஞர் அவருடைய சுருதியை எடுத்துக்கொள்கின்றனர். அவருடைய சொல் திருத்தத்தை எடுத்துக்கொள்வதில்லை. ஹனிபாவின் பாட்டில் ஒவ்வோர் எழுத்தும் தனித்து விளங்கும். ழகரமும் ளகரமும் ஒன்றையொன்று விழுங்கா. அடியின் இறுதி மூச்சின்றித் தேயாது. கடைசி வரிசையில் இருப்பவர்க்கும் பாட்டுப் புரிந்தது உரப்பினால் மட்டுமன்று, இத்தெளிவினாலுமாகும். உயரம் அவருக்கு இயற்கை தந்த கொடை. அக்கொடை இல்லாதவன் அவர் சுருதியில் பாட முயல்வது, பிறர் செருப்பை அணிந்து நெடுந்தொலைவு நடப்பதை ஒக்கும். புண்படுவது நடப்பவன் காலே.

தொலைவுக்கு எட்டுங் குரல் எது என்பதற்கு நம் மரபிலேயே ஓர் அரிய விளக்கம் உண்டு. தொழுகை அழைப்பின் சொற்களைக் கனவிற் கண்ட அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்களிடம், அவற்றைப் பிலால் (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுக்குமாறு அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள். பிலாலின் குரல் அவர் குரலினும் 'அந்தா' என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தொலைவுக்கு எட்டுவது, இனிமையானது என இச்சொல்லுக்குப் பொருள் உரைப்பர். இதன் வேரோடு உறவுடைய 'நதா' என்னும் சொல்லுக்குப் பனி, ஈரம் என்பன பொருள். வாயின் ஈரம் மிக்கவனுக்குப் பேச்சு அழகுறும் என்பதாலேயே குரலுக்கு இச்சொல் இரவலாக வந்தது என்று 'அல்முஃப்ரதாத்' என்னும் சொற்பொருள் நூலில் இராகிப் அல்இஸ்பஹானி விளக்குகின்றார். தொலைவுக்கு எட்டுங் குரல் ஈரமுள்ள குரல். வறண்டு கத்துங் குரல் அன்று.

மொழி நூலார் சொல்லின் வேரிற் கண்டதற்கு ஒத்ததையே மருத்துவமும் காண்கின்றது. குரல்வளையை உள்ளே நோக்கும் முறைக்கு வழிகாட்டியவர் மருத்துவர் அல்லர்; மனுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர். 1854இல் அவர் சிறு கண்ணாடி கொண்டு தம் தொண்டைக்குள் குரல்நாண்கள் இயங்குவதைத் தாமே கண்டார். அவ்விரு நாண்களும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஒன்றோடொன்று மோதி அதிர்வதாலேயே ஒலி பிறக்கின்றது. மேலே மெல்லிய ஈரப்படலம் இருக்குமளவும் மோதல் இதமாக நிகழும். அது வறண்ட நிலையில் வலிந்து கத்தினால் நாண்கள் வீங்கும். நாள்தோறும் அவ்வாறே செய்தால் காய்ப்புப் போன்ற முடிச்சுகள் தோன்றும். தறி நெய்வோன் கையில் காய்ப்பு ஏறினால் தொழில் நடக்கும். பாடுவோன் குரல்நாணில் காய்ப்பு ஏறினால் தொழில் நின்றுபோகும்.

இனி, நம் மக்தபுகளுக்கு வருவோம். எழுத்துப் பிறக்கும் இடங்களை ஆராய்வதில் தமிழும் அரபும் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல. கொப்பூழிலிருந்து எழுங் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு உறுவதால் எழுத்துப் பிறக்கும் எனத் தொல்காப்பியப் பிறப்பியல் வகுக்கின்றது. 1429இல் மறைந்த இமாம் இப்னுல் ஜஸரி, அரபு எழுத்துகளின் பிறப்பிடங்களைப் பதினேழாக வகுத்தார். தொண்டைக்கு உரியவை அவற்றுள் மூன்று மட்டுமே. வலிந்து திணிக்காமல் மென்மையோடு ஓத வேண்டும் என்பதும் அவர் கற்பித்ததே. ஆயினும் நடைமுறை என்ன? நாற்பது பிள்ளைகள் ஒரு கூடத்தில் அமர்ந்து, ஒருவர் குரலை ஒருவர் மிஞ்சக் கத்தி ஓதுகின்றனர். உரக்க ஓதாதவன் சோம்பேறி எனப்படுகின்றான். எழுத்து பதினேழு இடத்திற் பிறக்க வேண்டியது போய், எல்லாம் தொண்டையிலேயே பிறக்கின்றது. தக்பீரை உரத்து முழங்கிய தோழர்களிடம், அவர்கள் அழைப்பது செவிடனையும் அன்று, தொலைவில் இருப்பவனையும் அன்று எனக் கூறி, தம்மீதே பரிவு கொள்ளுமாறு நபிகளார் (ஸல்) அறிவுறுத்திய செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. அப்பரிவை நம் பிள்ளைகளின் தொண்டைக்கு நாம் ஏன் மறுக்கின்றோம்?

இதனினும் கொடிது, மகரக்கட்டு உடையும் பருவத்தில் சிறுவர்க்கு இழைக்கப்படும் தீங்கு. அப்பருவத்தில் குரல்வளை வளர்ந்து, நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகின்றது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபை போன்ற நாடகக் கம்பெனிகளில், குரல் உடைந்த சிறுவன் பாடும் வேடத்தை இழப்பதுண்டு. அக்காலத்தில் அது பிழைப்பைப் பற்றிய அச்சம். இன்று அத்தகைய நெருக்கடி இல்லை. ஆயினும் சென்ற ஆண்டு பரிசு பெற்ற பாட்டை அதே சுருதியில் இவ்வாண்டும் பாடுமாறு பதின்மூன்று வயதுச் சிறுவனை வற்புறுத்துகின்றோம். பாய்ந்து வளருங் கன்றை ஏரிற் பூட்டுவார் உண்டோ? சுருதியை இறக்கி, நேரத்தைக் குறைத்து, ஓரிரண்டு ஆண்டு பொறுத்திருப்பதே ஆசிரியர் கடன்.

'முன்னோர் ஒலிபெருக்கி இன்றி விடிய விடியப் பாடினரே, அவர்க்கு என்ன கேடு வந்தது?' என்பர் சிலர். சிவகாசியில் 1886இல் பிறந்த தியாகி விசுவநாததாஸ் நாடக மேடையில் விடுதலைப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில், முருகன் வேடத்தில், மேடையிலேயே உயிர் நீத்தவர். அவர் தியாகத்துக்கு நாம் தலைவணங்குகின்றோம். ஆனால், ஒரு வீரரின் வாழ்வு பாடத்திட்டம் ஆகாது. நிலைத்த குரல்களின் பெயரை வரலாறு வைத்திருக்கின்றது. இடையிலேயே உடைந்து போனவர் பெயரை எவர் எழுதி வைத்தார்? மேலும், ஒலிபெருக்கி வந்துவிட்ட பின்னரும் அது இல்லாதது போல் கத்துவது எவ்வகை அறிவு?

இவ்வட்டாரப் பிள்ளைகட்கு மற்றொரு சுமையும் உண்டு. தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் கந்தகமும் அலுமினியத் தூளும் நாளெல்லாம் புழங்குகின்றன. நுண்தூள் மூச்சுக்குழலை உறுத்தி வறளச் செய்வது. ஆலை வேலை முடித்து அதே உடையோடு வீடு வரும் தாய்தந்தையர் கைகால் கழுவி உடை மாற்றிய பின் பிள்ளையை அணைப்பது நலம். இருமலோடு வந்த பிள்ளையை அன்று பாடவோ உரக்க ஓதவோ விடலாகாது. பனங்கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதந்தரும். ஆயின் விழுங்குவது எதுவும் குரல்நாணை நேரே தொடுவதில்லை. குடித்த நீரும் உடலெங்கும் பரவிய பின்னரே அதற்கு ஈரந்தரும். ஆகவே மேடை ஏறுமுன் ஒரு மிடறு போதாது. நாள் முழுதும் சிறுகச் சிறுகப் பருக வேண்டும். தராவீஹ் தொழவைக்கும் ஹாபிழ்கள் நோன்பு திறந்தது முதல் ஸஹர் வரை இதனைக் கைக்கொள்வாராக.

பாடுமுன் மெல்லிய முனகலில் தொடங்குதல், மூச்சு முடியுமுன் அடியை நிறுத்துதல், அவரவர்க்கு இயல்பான சுருதியைத் தேர்தல், வலித்தால் உடனே நிறுத்துதல் ஆகிய இந்நான்கும் பொருட்செலவு அற்றவை. கம்மல் மூன்று வாரம் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுதல் ஐந்தாவது. பெண்மக்களுக்கும் இவை அனைத்தும் பொருந்தும். வீட்டினுள் பாடுங் குரலும் குரலே.

இனிப் பரிசளிப்போரிடம் நாம் வேண்டுவது ஒன்று. உச்சத்தைத் தொட்டவனுக்குக் கொடுக்கும் பரிசை, சொல் விளங்கப் பாடி மறுநாட் காலையிலும் தெளிந்த குரலோடு எழுபவனுக்குக் கொடுங்கள். அளவுகோல் மாறினால் ஆசிரியர் மாறுவர். ஆசிரியர் மாறினால் குரல்கள் பிழைக்கும்.