பாட்டு விலகிய இடத்தில்

தமிழ்த் திகில் படங்களைப் பற்றிப் பேசுவதென்றால் பாட்டிலிருந்து தொடங்குவதே சரி. கதை இறுகிக்கொண்டு வரும் நேரத்தில் ஒரு டூயட் வந்தால் பார்வையாளர் ஆசுவாசப்பட்டுவிடுவார். இயக்குநர் மறுபடி முதலிலிருந்து முடிச்சுப் போட வேண்டும். இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தவர் ஒரு சங்கீத வித்வான்: வீணை எஸ்.பாலசந்தர்.

ஏவி.எம். தயாரிப்பில் 1954இல் அவர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய 1943இல் கதை நடக்கிறது. ரேடியோ என்ஜினீயர் ராஜன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுகிறான். அந்த ராஜன், சிவாஜி கணேசன். நாயகனே பிணமாகிவிட்ட பிறகு யாரைப் பிடித்துக்கொண்டு படம் பார்ப்பது? அந்தப் பிடிமானமின்மைதான் படத்தின் முதல் பதற்றம். பிறகு மனைவி, சகோதரன், அவன் மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், காதலி என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். குரோசாவாவின் ‘ராஷோமான்’ தந்த உத்திதான். ஆனால் ஒவ்வொருவர் வாயிலும் ராஜன் வேறொருவனாகிறான். சிவாஜியின் உடல்மொழியும் அதற்கேற்ப மாறுகிறது. மாருதி ராவின் கேமரா வெளிச்சத்தைக் குறைத்து நிழலை வளர்க்கிறது. மனைவியாக வரும் பண்டரிபாயின் அடக்கமான முகத்தை நாம் சந்தேகிக்கவே தயங்குகிறோம். படம் நம்மை ஏமாற்றுவதே அந்தத் தயக்கத்தை வைத்துத்தான்.

பாலசந்தரின் ‘பொம்மை’யில் (1964) பாட்டு உண்டு. ஆனால் வெடிகுண்டு ஒளித்த பொம்மை ஒன்று ஊருக்குள் கைமாறிக்கொண்டே போகிறது. மேசைக்கடியில் குண்டு இருப்பது பாத்திரங்களுக்குத் தெரியக் கூடாது, பார்வையாளருக்குத் தெரிய வேண்டும் என்பது ஹிட்ச்காக்கின் பாடம். அதையே முழுக் கதையாக்கிய படம் இது. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) செய்ததும் அதுவே. கமல்தான் கொலைகாரன் என்பது நமக்குத் தெரியும், அவனை மணந்து அந்த வீட்டுக்குள் வரும் ஸ்ரீதேவிக்குத் தெரியாது.

பாட்டை வைத்துக்கொண்டே பயத்தைக் கூட்ட முடியும் என்று காட்டியது ‘மூடுபனி’ (1980). இளையராஜாவின் நூறாவது படம் அது. இயக்குநர் பாலு மகேந்திராவே ஒளிப்பதிவாளர். பிரதாப் போத்தன் ஷோபாவைக் கடத்திவந்து, கிட்டாரோடு பாடுகிறான். யேசுதாஸின் குரலில் அது காதல் பாட்டு. கேட்பவளோ கைதி. தனியாகக் கேட்கும்போது மனதை வருடும் அதே மெட்டு, படத்துக்குள் வயிற்றைப் பிசைகிறது. அவன்மேல் நமக்கு வரும் இரக்கம் அந்த பயத்தை இன்னும் மோசமாக்குகிறது. தமிழில் ஒரு பாட்டு இதைவிடத் துல்லியமாக திகிலுக்குப் பயன்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

பி.சி.ஸ்ரீராமின் ‘குருதிப்புனல்’ (1995) பாட்டை மீண்டும் விலக்கியது. அங்கே துப்பாக்கிச் சத்தத்தைவிட, கமலும் நாசரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் விசாரணைக் காட்சிகளே கனமானவை. நேர்மையான அதிகாரி எந்த இடத்தில் உடைவான் என்பதுதான் கேள்வி. அது தெரிந்தவன் கைதியின் நாற்காலியில் இருக்கிறான்.

மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) படத்திலும் பாட்டில்லை. டைட்டிலில் இளையராஜாவுக்குக் கொடுத்த பெயர் ‘முன்னணி இசை’. ஓர் இரவு முழுக்க ஓடும் கதையை அந்த வயலின்கள் சுமக்கின்றன. ஆனால் கல்லறையில் ஓநாய் தன் பாவத்தைக் கதையாகச் சொல்லும்போது கேமரா வெட்டாமல் முகத்திலேயே நிற்கிறது. துரத்தல்களில் இல்லாத இறுக்கம் அங்கே இருக்கிறது.

‘ராட்சசன்’ (2018) வெற்றிக்குப் பிறகு வந்த பல படங்கள் அதன் இரைச்சலை மட்டும் எடுத்துக்கொண்டன. இயக்குநர் ராம்குமார் உண்மையில் நம்மை நடுங்கவைத்தது சிதைக்கப்பட்ட பொம்மைத் தலை வைத்த ஒரு பரிசுப் பெட்டியால். அதைக் கண்டதுமே அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிடுகிறது, காத்திருக்கத் தொடங்குகிறோம். ஜிப்ரானின் இசை அந்தக் காத்திருப்புக்கு இடம்விடும்போது அபாரம். கதவு திறந்தாலும் போன் அடித்தாலும் அதிரும் இன்றைய ரீரெக்கார்டிங், பார்வையாளர் தானாக பயப்படுவதற்கு ஒரு நொடிகூடக் கொடுப்பதில்லை.