சுவான் மொழி அருங்காட்சியகப் பொருள் அல்ல

காகசஸ் பற்றி எழுதுகிறவர்கள் அண்மைக் காலமாக ஒரே பல்லவியைப் பாடி வருகிறார்கள். ஜார்ஜியாவின் வடமேற்கில், சுவானெத்தியின் பனிமலைகளுக்கு நடுவே, ஆதி கார்ட்வெலிய மொழி மாறாமல் உறைந்து கிடக்கிறதாம். சுவான் மொழியைக் கேட்டால் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய குரலைக் கேட்கலாமாம். பயண நூல்கள் இதைச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். மொழியியலாளர்களும் இதே தொனியில் பேசும்போது மறுத்தே ஆகவேண்டும்.

இந்த எண்ணத்துக்கு ஓர் அடிப்படை உண்டு. கார்ட்வெலியக் குடும்பத்தின் ஜார்ஜியன், மிங்ரேலியன், லாஸ், சுவான் ஆகிய நான்கு மொழிகளில் முதலில் கிளை பிரிந்தது சுவான்தான். ஜார்ஜியன் இழந்த சில கூறுகள் அதில் இன்றும் உண்டு. உள்நாக்கில் மூச்சோடு வெடிக்கும் ஒரு மெய், பழைய ஜார்ஜிய நூல்களில் எழுத்தாக இருந்து பின்னர் பேச்சில் மறைந்தது. சுவானில் அது புழக்கத்தில் இருக்கிறது. நமக்கு நெருக்கமான சான்று தன்மைப் பன்மை. கேட்பவரையும் சேர்த்து ‘நம்முடைய’ என்பதற்கு ‘குஷ்க்வெய்’. அவரை விலக்கி ‘எங்களுடைய’ என்பதற்கு ‘நிஷ்க்வெய்’. வினைச்சொல்லின் முன்னொட்டிலும் இதே வேறுபாடு வரும். இன்றைய ஜார்ஜியனில் இது இல்லை. நாம், நாங்கள் என்று பிரித்துப் பேசிப் பழகிய தமிழருக்கு இதன் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சில பழைய கூறுகளைக் காப்பாற்றியதாலேயே ஒரு மொழி உறைந்துபோனதாகிவிடாது. இந்தக் குழப்பத்தின் வேர் ஆய்வு வரலாற்றிலேயே இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கில்டன்ஸ்டெட் சொற்பட்டியல் திரட்டினார். 1840களில் கியோர்க் ரோசன் இலக்கணக் குறிப்புகள் எழுதினார். 1847இல் பாப் இந்தக் குடும்பத்தையே இந்தோ ஐரோப்பியத்தோடு ஒட்டவைக்கப் பார்த்துத் தோற்றார். பிறகு மொழியியலாளர் மார் வந்தார். அவருடைய யாபெத்தியக் கோட்பாடு காகசிய மொழிகளைத் தன் கற்பனைக்குக் கச்சாப் பொருளாக்கியது. இவர்களில் பலர் சுவானிடம் வேறு எதையோ நிறுவுவதற்குச் சாட்சியம் கேட்டு வந்தவர்கள். மொழியை மொழியாகக் கேட்டவர்கள் குறைவு.

திருப்பம் திபிலிசியில் நிகழ்ந்தது. 1925இல் அகாகி ஷானிட்ஸே சுவானின் உயிர்மாற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் வரும் இகரம் முன்னால் இருக்கும் அகரத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. அகரம் ‘பேங்க்’ என்று சொல்லும்போது நம் வாயில் வருகிற ஒலியாகிவிடுகிறது. பிறகு அந்த இகரமே தேய்ந்து மறைந்துபோகலாம். மாறிய உயிர் மட்டும் தங்கிவிடும். எழுவாய் வேற்றுமையில் ஒரு காலத்தில் இகர ஈறு இருந்ததைப் பல பெயர்ச்சொற்களில் இந்த உயிர்தான் காட்டிக்கொடுக்கிறது. இது ஆதிமொழியின் எச்சம் அல்ல, சுவான் தானாகச் செய்துகொண்ட மாற்றம்.

கிளைமொழிகளை அடுக்கிப் பார்த்தால் உறைந்த மொழி என்ற பேச்சு நிற்காது. மேல் பால் வழக்கில் உயிர்மாற்றமும் உண்டு, குறில் நெடில் வேறுபாடும் உண்டு. கீழ் பால் வழக்கிலும் லெந்தெக் வழக்கிலும் உயிர்மாற்றம் உண்டு, நெடில் இல்லை. லாஷ்க் வழக்கில் நெடில் உண்டு, உயிர்மாற்றம் இல்லை. ஒரு சிறிய மலைநாட்டுக்குள்ளேயே ஒலியமைப்பு இத்தனை விதமாகப் பிரிந்திருக்கிறது.

ஷானிட்ஸேயின் வழியில் வந்த வர்லாம் தொப்பூரியாவை இந்தத் துறையின் மிகப்பெரிய உழைப்பாளி என்பேன். 1931இல் வெளிவந்த அவருடைய சுவான் வினையியல் இன்றும் முதலில் எடுக்க வேண்டிய நூல். கார்ட்வெலிய வினை எளிதில் பிடிபடாதது. பொதுவாக நிகழ்காலத் தொகுதியில் செய்பவர் எழுவாய் வேற்றுமையில் வருவார். இறந்தகாலத் தொகுதியில் அவருக்கென்றே தனி உருபு. ‘செய்திருக்கிறாராம்’ என்று கேள்விப்பட்டதாகச் சொல்லும் தொகுதியில் நான்காம் வேற்றுமை உருபு. சுவான் இதற்கு மேலும் ஒரு படி போகிறது. முடிந்த செயலுக்கு மட்டுமன்றி, நடந்துகொண்டிருந்த செயலுக்கும் ‘ஆம்’ போட்டுச் சொல்லும் வினைவடிவங்களை அது வளர்த்திருக்கிறது. இதையெல்லாம் தொப்பூரியா கிளைமொழி வாரியாகப் பிரித்து, பொறுமையாக வகுத்தார்.

அதைவிட அருமையானது, அந்தத் தலைமுறை திரட்டிய உரைநடைப் பனுவல் வரிசை. மேல் பால் தொகுதி 1939இல் வந்தது. கீழ் பால் 1957, லெந்தெக் 1967, லாஷ்க் 1979. கதை, சடங்கு, வழக்கு, வேட்டை என ஊராரின் பேச்சு அச்சேறியது. மக்சிமே கல்தானி 1969இல் உயிர்மாற்றத்தை முழு நூலாக விரித்தார். தொப்பூரியாவும் அவரும் உருவாக்கிய சுவான் அகராதி 2000இல்தான் வெளிவந்தது. தொப்பூரியா இறந்து அப்போது 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதற்கு இணையாக ஓடிய இன்னொரு நீரோட்டம் மூலமொழி மீட்டுருவாக்கம். 1964இல் வந்த கிளிமோவின் சொற்பிறப்பு அகராதியும், 1965இல் வந்த கம்க்ரெலிட்ஸே, மச்சவாரியானி நூலும் மேதைமை வாய்ந்தவை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பளபளப்பில் சுவான் மறுபடி சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டது. மூலமொழிக்கு உதவுகிற சொல்லுக்கு மதிப்பு, உதவாத சொல்லுக்குப் புறக்கணிப்பு என்றாயிற்று. உறைந்த மொழி என்ற இன்றைய கற்பனை அந்தப் பழக்கத்தின் மலிவுப் பதிப்புதான்.

இந்தக் கற்பனையால் உண்மையான கேடு உண்டு. உறைந்த மொழிக்கு ஆபத்து வராது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. யுனெஸ்கோ சுவானை அழியும் ஆபத்திலுள்ள மொழியாகவே வகைப்படுத்துகிறது. 1987ஆம் ஆண்டின் பனிச்சரிவுகளுக்குப் பிறகு பல குடும்பங்கள் மலையை விட்டுச் சமவெளியில் குடியேற்றப்பட்டன. பள்ளி, அலுவலகம், தொலைக்காட்சி எல்லாம் ஜார்ஜியனில் நடக்கின்றன. 2000களில் பிராங்க்பர்ட்டின் யோஸ்ட் கிப்பர்ட் குழு ஜார்ஜிய ஆய்வாளர்களோடு சேர்ந்து சுவான் பேச்சை ஒலியாகவும் காட்சியாகவும் பதிவு செய்தது. தொப்பூரியாவின் பணிக்கு அதுவே நேரான தொடர்ச்சி.

இந்தத் துறை இனி போக வேண்டிய திசையும் அதுதான். சுவானெத்தியின் மெஸ்தியாவில் இன்றைய இளைஞர்கள் நெடிலை எப்படி ஒலிக்கிறார்கள், ‘நம்முடைய’, ‘எங்களுடைய’ என்ற வேறுபாட்டை அவர்களுடைய பிள்ளைகள் காப்பாற்றுகிறார்களா, சமவெளிக்குப் போனவர்களின் வினைவடிவங்களில் எவை உதிர்கின்றன என்பவைதான் இன்று எழுப்ப வேண்டிய கேள்விகள். மூலமொழி எங்கும் ஓடிப்போகாது. அதை அடுத்த நூற்றாண்டிலும் ஆராயலாம். பேசுகிறவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை. ஆய்வுப் பணமும் இளம் ஆய்வாளர்களும் முதலில் அவர்களிடம் போகட்டும்.