வரையறையும் வரம்பும்: யூத வெறுப்புக்கு எதிரான ஜெர்மனியின் நடவடிக்கைகள்

யூதராகப் பிறந்த ஒரே காரணத்துக்காக ஒருவரை இழிவுபடுத்துவதும் தாக்குவதும் யூத வெறுப்பு எனப்படும். ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களைக் கொன்றொழித்த நாஜி ஆட்சியின் வரலாற்றுப் பொறுப்பைச் சுமக்கும் ஜெர்மனியில் அதை ஒடுக்குவது அரசின் தலையாய கடமையாகக் கருதப்படுகிறது. 2019 அக்டோபர் 9 அன்று, யூதர்களின் புனித நோன்பு நாளில், ஹாலே நகரத் தொழுகைக்கூடத்துக்குள் நுழைய முயன்ற தீவிர வலதுசாரி ஒருவன், பூட்டிய கதவைத் தகர்க்க முடியாமல் வெளியே இருவரைச் சுட்டுக்கொன்றான் என்பது, அந்தக் கடமை இன்னும் முடிந்துவிடவில்லை என்பதற்குச் சான்று.

இந்த நோக்கில் 2017இல் ஜெர்மன் அரசு ஏற்றுக்கொண்ட கருவி, பன்னாட்டு இனப்படுகொலை நினைவுக் கூட்டமைப்பு 2016இல் வெளியிட்ட செயல்முறை வரையறையாகும். இஸ்ரேல் அரசின் செயலுக்கு உலகெங்குமுள்ள யூதர்களைக் கூட்டாகப் பொறுப்பாக்குவதும் யூத வெறுப்பே என்று தெளிவுபடுத்தியது அதன் வலிமை. ஏனெனில், பழைய வெறுப்பு அரசியல் சொற்களைப் போர்த்திக்கொண்டு வரும்போது அதை அடையாளம் காண அது உதவுகிறது. பிற நாடுகள்மீது வைக்கப்படுவதைப் போன்ற விமர்சனத்தை இஸ்ரேல்மீது வைப்பது யூத வெறுப்பாகாது என்றும் அது கூறுகிறது. ஆனால், இஸ்ரேலை மட்டும் வேறு அளவுகோலால் அளப்பதையும் அது எடுத்துக்காட்டுகளுள் சேர்ப்பதால், பேசியவரின் உள்நோக்கத்தை ஊகிக்கும் அதிகாரம் அலுவலர் கைக்குப் போய்விடுகிறது. இந்த வரையறையின் முன்வடிவை 2005இல் எழுதியோருள் முதன்மையானவரான கென்னத் ஸ்டெர்ன், தரவு திரட்டுவதற்காக எழுந்த அது பல்கலைக்கழகப் பேச்சைக் கட்டுப்படுத்தப் பயன்படுவதைப் பின்னாளில் கண்டித்தார்.

இத்தகைய ஊகத்தின் விளைவு மியூனிக்கில் வெளிப்பட்டது. இஸ்ரேலுக்கு எதிரான புறக்கணிப்பு இயக்கம் தொடர்பான நிகழ்வுகளுக்கு நகராட்சி அரங்குகளைத் தருவதில்லை என 2017இல் நகர மன்றம் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தையே விவாதிக்கவிருந்த கூட்டத்துக்கும் இடம் மறுக்கப்பட்டது. நகர மன்றத் தீர்மானம் சட்டமாகாது என்றும், எதிர்பார்க்கப்படும் கருத்தைக் காரணம் காட்டி அரங்கை மறுப்பது கருத்துச் சுதந்திரத்தை மீறுவதாகும் என்றும் 2022 ஜனவரியில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே, வன்முறையையும் வெறுப்புத் தூண்டலையும் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கக் கோரும் குற்றவியல் சட்டமே யூதர்களுக்கு உறுதியான காப்பாகும். மெய்ப்பிக்கும் கடமையற்ற தீர்மானங்களோ மாற்றுக் கருத்தினரை வாயடைக்கச் செய்வதோடு, யூத வெறுப்பு என்னும் கடும் குற்றச்சாட்டையே நீர்த்துப்போகச் செய்கின்றன. அந்தச் சொல் வலுவிழந்தால் முதலில் இழப்பவர்கள் யூதர்களே.