241 கிலோவும் எங்கள் வீட்டுச் சரிவும்

திருமுடிவாக்கத்தில் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே ஒரு சிமென்ட் சரிவு இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் மூழ்கிய பிறகு, இந்தப் பக்கம் வீடு கட்டியவர்கள் தரையை உயர்த்தித்தான் கட்டினார்கள். நாங்கள் மூன்றடி உயர்த்தினோம். தெரு குறுகல் என்பதால் சரிவுக்கு நீளம் கிடைக்கவில்லை, செங்குத்தாக அமைந்துவிட்டது. க்ரூஸர் பைக் வாங்கலாமா என்ற கேள்விக்குப் பாதிப் பதிலை இந்தச் சரிவுதான் சொன்னது.

2013-ல் வாங்கிய தண்டர்பேர்டு 350 என்னிடம் இருக்கிறது. 346 சிசி எஞ்சின், 20 லிட்டர் டேங்க், பின்னால் உட்காருபவர் சாய்ந்துகொள்ள ஒரு முதுகுத்தாங்கி. சிட்கோ தொழிற்பேட்டையில் என் சின்ன லேத் பட்டறைக்கும், பல்லாவரம், தாம்பரம் கடைகளுக்கும், வருடத்துக்கு நாலைந்து முறை திருவண்ணாமலைக்கும் அதுதான் ஓடுகிறது. அதை மாற்றலாம் என்று தோன்றியதும் மனசு நேராகப் போய் நின்ற இடம் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 650. நண்பர் ஒருவர் தன் வண்டியை நாலு நாள் என்னிடம் விட்டுவைத்தார். கூடவே, ஷோரூமில் மீட்டியர் 350-ஐ இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். தண்டர்பேர்டின் இடத்துக்கு 2020 நவம்பரில் வந்தது அந்த மீட்டியர்.

இந்த வண்டிகள் எங்களுக்கு அந்நியமானவை அல்ல. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு, 2013-ல் ஒரகடத்துக்கும் பிறகு வல்லம் வடகாலுக்கும் விரிந்தது. ஒரகடம் என் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கிறது. எங்கள் பேட்டையில் வாகன உதிரிபாகத்துக்கு ஜாப் ஒர்க் எடுக்காத தெரு குறைவு. கிராங்க் ஷாஃப்ட் என்றால் என்ன, அதில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தவறினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் டீக்கடையில் நின்று பேசுகிற ஊர் இது. அதனால் 650-இன் எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

648 சிசி, இரண்டு சிலிண்டர், காற்றாலும் எண்ணெயாலும் குளிர்கிற எஞ்சின். 7250 சுழற்சியில் 47 குதிரைத்திறன், 5650 சுழற்சியில் 52.3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இதன் அழகு கிராங்கில் இருக்கிறது. இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்காதபடி இரண்டு கிராங்க்பின்களையும் 270 டிகிரி விலக்கிக் கடைந்திருக்கிறார்கள். அதனால் ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒருமுறை 270 டிகிரி, மறுமுறை 450 டிகிரி. சீரான தாளம் இல்லை. ஒரு அடி, உடனே இன்னொரு அடி, பிறகு ஒரு மூச்சு இடைவெளி. ஒற்றைச் சிலிண்டர் புல்லட்டின் 'டுப் டுப்' கேட்டு வளர்ந்த காதுக்கு இது வேறு மொழி. ஆனால் அரை மணி நேரத்தில் புரிந்துவிடுகிற மொழி.

ஞாயிறு அதிகாலை வெளிவட்டச் சாலையில் ஏறி, வண்டலூரில் ஜிஎஸ்டி ரோட்டைப் பிடித்து, செங்கல்பட்டு, மதுராந்தகம் வழியாகத் திண்டிவனம் வரை போய் வந்தோம். பின்னால் என் மனைவி. மதுராந்தகம் ஏரி தாண்டியதும் ஆறாவது கியரில் 100-இல் நிறுத்தினேன். இந்த வேகத்தில் அந்த எஞ்சின் தன் திறனில் பாதியைக்கூடச் செலவழிப்பதில்லை. கண்ணாடியில் பின்னால் வரும் பேருந்து துல்லியமாகத் தெரிந்தது, கைப்பிடியில் அதிர்வு இல்லை. என் தண்டர்பேர்டில் 80-ஐத் தாண்டினால் அடிவயிறு வரை தெரிகிற ஓசையும் அதிர்வும், அதன் ஒற்றைப் பெரிய பிஸ்டனின் இயல்பு. லாரியை முந்த வேண்டுமென்றால் அதில் முன்கூட்டியே திட்டம் போட வேண்டும். இதில் மணிக்கட்டைக் கொஞ்சம் திருகினால் போதும். இவ்வளவு நிம்மதியாக நெடுஞ்சாலையில் நான் இதுவரை வண்டி ஓட்டியதில்லை.

திண்டிவனத்தில் காபி குடிக்க நிறுத்தியபோது மனைவியிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எஞ்சினெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா எனக்குச் சாய இடம் இல்ல. நீங்க முறுக்கினப்பல்லாம் உங்க சட்டையத்தான் பிடிச்சுக்கிட்டேன். பழைய வண்டில தூங்கியே வந்திருப்பேன்."

நண்பரின் வண்டியில் முதுகுத்தாங்கி கிடையாது. முன்கண்ணாடியும் முதுகுத்தாங்கியும் கொண்ட செலஸ்டியல் வகையை எடுத்தால் அந்தக் குறை தீரும். தீராதது பின்பக்க சஸ்பென்ஷன். அது மேலும் கீழும் போகும் தூரம் 101 மில்லிமீட்டர்தான். தாழ்ந்த, நீண்ட உருவம் வேண்டுமென்று வடிவமைத்தால் இது தவிர்க்க முடியாதது, எல்லா க்ரூஸரும் ஏதோ ஓர் அளவில் கொடுக்கிற விலை. நெடுஞ்சாலையில் உறுத்தாது. குன்றத்தூர் சாலையில் குழாய் பதித்துவிட்டு அரைகுறையாக மூடிய பள்ளங்களில், பின்னால் உட்காருபவருடைய முதுகுத்தண்டு கணக்கெடுக்கும்.

திங்கள் முதல் புதன் வரை இதே வண்டியில் அனகாபுத்தூர், பம்மல் வழியாகப் பல்லாவரம் போய் வந்தேன். ஷேர் ஆட்டோக்களும் தண்ணீர் லாரிகளும் பள்ளி வேன்களும் மாறி மாறி நிற்கிற சாலை. அங்கே 47 குதிரைகளில் எட்டோ பத்தோதான் வெளியே வருகின்றன, மீதி காலுக்கிடையில் சூடாகிக்கொண்டிருக்கின்றன. நின்று நின்று போகும்போது காற்றால் குளிர வேண்டிய எஞ்சினுக்குக் காற்று எங்கிருந்து வரும்? சென்னைப் புறநகரின் சித்திரை மாதத்தில் அந்த வெப்பம் இரண்டு மடங்கு தெரியும்.

இப்போது சரிவுக்கு வருகிறேன். இரு சக்கர நடுப்பகுதிகளுக்கும் இடையே 1500 மில்லிமீட்டர், தரையிலிருந்து அடிவயிற்றுக்கு 135 மில்லிமீட்டர். சரிவு முடிந்து வாசல் சமதளமாகும் முனையில் இந்த இரண்டு அளவுகளும் சேர்ந்து வேலை காட்டும். முதல் நாள் மெதுவாகத்தான் ஏற்றினேன், அடியில் சிமென்ட் உரசிய சத்தம் கேட்டு மனசு பதறிவிட்டது. (மீட்டியர் 350-க்கு அதே அளவுகள் 1400, 170.) இறக்குவது அதைவிடக் கடினம். வண்டி பின்னோக்கி இறங்கும்போது எடையின் பெரும்பகுதி கீழே இருக்கும் பின்சக்கரத்துக்குப் போய்விடும், முன்பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். பின்பிரேக்கைப் பிடிக்கலாமென்றால் வலது கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்கினேன். சாதாரண நாளில் முடிகிற காரியம். மழை பெய்து சரிவில் பாசி பிடித்த கார்த்திகை மாதக் காலையில், 52 வயதில், 241 கிலோ எடையுள்ள இந்த வண்டியை அப்படி இறக்க நான் விரும்பவில்லை.

எடைதான் பிரச்சினை என்றால் கவாஸாகி எலிமினேட்டர் இருக்கிறது: 451 சிசி, 45 குதிரைத்திறன், எடை 176 கிலோ. 650-ஐ விட 65 கிலோ குறைவு, திறன் ஏறக்குறைய அதே. ஆனால் 2024-ல் அது 5.62 லட்சத்துக்கு அறிமுகமானது. என் பட்டறையில் ஒரு நல்ல மில்லிங் மெஷினுக்கு முன்பணம் கட்ட அவ்வளவு போதும்.

பணக் கணக்கில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-ஆக இறங்கியது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, செஸ் சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆக ஏறியது. ஒரே கம்பெனியின் இரண்டு க்ரூஸர்களுக்கும் இடையே முன்பே இருந்த பள்ளம் இப்போது இன்னும் ஆழம். இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம், அதற்கேற்ப சாலை வரியும் கூடும். 2022-ல் அறிவித்த கட்டணப்படி புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 150 சிசிக்கு மேல் 350 வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117. பெட்ரோலையும் எழுதிவைத்தேன். நாலு நாளில் 650 லிட்டருக்கு 24 கொடுத்தது, என் தண்டர்பேர்டு 36 கொடுக்கிறது. மாதம் 900 கிலோமீட்டர் ஓட்டுகிற எனக்கு அது கூடுதலாகப் பன்னிரண்டரை லிட்டர்.

அந்த 900-ஐயும் பிரித்துப் பார்த்தேன். இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்ததில், 430 கிலோமீட்டரில் 80 வேகத்தைத் தாண்டியது நாற்பதே கிலோமீட்டர், அத்தனையும் வெளிவட்டச் சாலையில். மாதம் இரண்டு முறை ஓசூருக்கோ திருச்சிக்கோ ஓட்டுகிறவராக இருந்தால், வீட்டு வாசல் சமதளமாகவும் இருந்தால், யோசிக்காமல் 650-ஐ எடுங்கள் என்பேன். அந்தச் சாலையில் அது தரும் நிம்மதியை 350-ஆல் தர முடியாது.

அப்படியென்றால் நான் ஏன் மாற்ற வேண்டும்? பிரேக்குக்காக. போன மழைக்காலத்தில் அனகாபுத்தூர் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்தபோது பதற்றத்தில் பின்பிரேக்கை மிதித்துவிட்டேன். சக்கரம் பூட்டி வண்டி ஒருக்களித்து, எப்படியோ நின்றது. தவறு என்னுடையது. ஆனால் அந்தத் தவறைத் திருத்துகிற ஏபிஎஸ், 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். என் வண்டி அதற்கு ஆறு வருடம் முந்தியது. மீட்டியர் 350-இல் முன்னால் 300, பின்னால் 270 மில்லிமீட்டர் டிஸ்க், இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். பழைய எஞ்சினில் இல்லாத பேலன்சர் ஷாஃப்ட் அதிர்வை விழுங்கிவிடுகிறது. 20 குதிரைத்திறன் என்பது பழையதைவிடக் கூடுதல் என்று சொல்ல முடியாத அளவுதான், ஓட்டினால் 90 வரை முனகாமல் போகிறது. 2025-ல் மாற்றிய கிளட்சும் லேசாக இருக்கிறது, பம்மல் நெரிசலில் இடது கைக்கு அது பெரிய உதவி.

நண்பரிடம் 650-ஐத் திருப்பிக் கொடுக்கும்போது சாவியை உடனே நீட்ட மனம் வரவில்லை. ஆசை போய்விட்டது என்று சொன்னால் பொய். அடுத்த வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தைக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஷோரூமுக்குப் போய் மீட்டியர் 350-க்கு முன்பணம் கட்டினேன், முதுகுத்தாங்கி உள்ள வகை. மனைவி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு முறை சாய்ந்து பார்த்த பிறகுதான் பில் போடச் சொன்னேன். மிச்சமான பணத்தில் இரண்டு பேருக்கும் நல்ல ஹெல்மெட் எடுத்தோம். சரிவில் கரகரப்பாகக் கோடு போட்டுப் பூச மேஸ்திரி வருகிற திங்கள் வருகிறார்.