குதிரைமுடியும் புகையின் அடியும்

அமெரிக்கத் தேசியக் காடுகளின் மலையுச்சிகளில் நிற்கும் தீக்காவல் கூண்டு ஒன்றுக்குள் நுழைந்ததும் கவனியுங்கள், அங்கே பெரும்பாலும் எதுவும் இடுப்புக்கு மேல் உயராது. கட்டில், மேசை, விறகடுப்பு எல்லாம் ஜன்னல் விளிம்புக்குக் கீழே அடங்கிவிடும். அதற்கு மேல் நான்கு பக்கமும் கண்ணாடி. 1930களில் 14 அடிக்கு 14 அடி என்ற அளவில் இப்படி நிறையக் கட்டினார்கள். உள்ளே இருப்பவரின் கண்ணுக்கு எதுவும் குறுக்கே வந்துவிடக் கூடாது என்ற ஒரே எண்ணம் ஒவ்வொரு பலகையிலும் தெரிகிறது.

அறையின் நடுவில் இருக்கும் கருவிதான் என்னை மயக்கியது. வில்லியம் ஆஸ்போர்ன் என்ற வனத்துறை ஊழியர் 1910களில் வடிவமைத்த ‘ஃபயர் ஃபைண்டர்’ அது. பெரிய தாம்பாளம் போன்ற வட்டத் தகடு. அதன்மேல் சுற்றுவட்டாரத்தின் வரைபடம். வரைபடத்தின் மையப்புள்ளி, அந்தக் கூண்டு நிற்கும் இடமேதான். விளிம்பைச் சுற்றி 360 பாகைகள். சுழலும் வளையத்தில் ஒரு பக்கம் சிறு துளை. நேர் எதிரே ஒரு சட்டம், அதில் செங்குத்தாக இழுத்துக் கட்டிய ஒற்றைக் குதிரைமுடி. துளை வழியே பார்த்துக்கொண்டே வளையத்தைத் திருப்பி, முடியைப் புகையின் அடியில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். உச்சியில் நிறுத்தினால் கணக்குத் தவறும். காற்று புகையைச் சாய்த்துவிடும். தீ இருப்பது அடியில்தான்.

பிறகு பாகையைப் படித்து வயர்லெஸ்ஸில் சொல்கிறார்கள். தொலைவில் இன்னொரு உச்சியில் இருப்பவரும் தன் பாகையைச் சொன்னால், இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தீ. இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஜன்னல் சட்டமோ மூலைத்தூணோ புகையை மறைத்தால் என்ன செய்வது? கருவியையே சின்னத் தண்டவாளத்தின் மேல் வைத்திருக்கிறார்கள். சில அங்குலம் நகர்த்தினால் தூண் விலகிவிடும். மின்சாரமே தேவைப்படாத இந்தக் கருவியை இன்றும் பல கூண்டுகளில் பயன்படுத்துகிறார்கள்.

1910 ஆகஸ்டில் இடாஹோ, மொன்டானா பகுதிகளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. அதன் பிறகே இந்தக் காவல் நாடெங்கும் பெருகியது. விமானமும் கேமராவும் வந்த பிறகு பல கூண்டுகள் பூட்டப்பட்டன. அவற்றில் சிலவற்றை இன்று திறந்து வைத்திருப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

அவர்கள் பயிலும் பார்வை தனிக் கலை. மழை விட்டதும் பள்ளத்தாக்கிலிருந்து வெண்ணிறத் துணுக்குகள் எழும். ‘வாட்டர் டாக்’ என்பார்கள்; வெறும் நீராவிதான். ஆனால் அசல் புகை போலவே ஏமாற்றும். எப்படிப் பிரித்தறிவது? நீராவி மிதந்து நகர்ந்து கரைந்துவிடும். புகை கலைந்தாலும் அதே இடத்திலிருந்து மறுபடி எழும். மண்சாலைத் தூசியோ வண்டி போகும் வழியே நீளும். இடி விழுந்த மரம் நாள்கணக்கில் உள்ளுக்குள் கனன்று, பிறகொரு வெயில் நாளில்தான் முதல் புகையை விடுவதும் உண்டு. அதனால் மின்னல் எங்கே இறங்கியது என்பதைக் குறித்து வைத்து, பல நாள்கள் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அந்தப் பொறுமைக்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும்!

பராமரிப்பும் அவர்கள் கையில்தான். கண்ணாடியில் ஒரு விரல்தடம் இருந்தாலும் தூரத்து மலையில் அது மங்கலாகப் படியும். ஆகவே துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உதிர்ந்த ஜன்னல் மக்கை மாற்றுவது, மரத்துக்கு வண்ணம் பூசுவது, இடிதாங்கிக் கம்பி தரையில் சரியாக இறங்குகிறதா என்று பார்ப்பது, இவையெல்லாம் விடுமுறை நாள் வேலைகள். பழைய கூண்டுகளில் கால்களில் கண்ணாடிக் குமிழ் பொருத்திய சிறு இருக்கை ஒன்று இருக்கும். மின்னல் நேரத்தில் காவலர் அதன்மேல்தான் இருப்பார்.

லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே ஏஞ்சலிஸ் தேசியக் காட்டில் இருக்கும் வெட்டர் மலைக் கூண்டு, 2009இல் ‘ஸ்டேஷன்’ என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீயில் எரிந்தே போனது. தன்னார்வலர்களின் உழைப்பால் அதே உச்சியில் மறுபடி எழுந்தது. அந்தப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள், கோடையில் கூண்டு திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு ஒருமுறை ஏறிப் பாருங்கள். உள்ளே இருப்பவரிடம் கேட்டு, அந்தத் துளை வழியாகக் குதிரைமுடியை ஒரு மலைமுகட்டின் மேல் நிறுத்திப் பாருங்கள்.